பழைய சுசுகி சாமுராய்க்கு இரண்டு அங்குல லிஃப்ட் கிட்: நானே மாட்டி, இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தது

மாட்டிய அன்று இரவே, வண்டியை உயர்த்தும் இந்த ஸ்பிரிங் கிட்டுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு நாலு பத்தி திட்டி எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. சும்மா ஒரு சுற்று போய் வரலாம் என்று வண்டியை எடுத்தேன், 65 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கி ஏறியதுதான் தாமதம், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆட ஆரம்பித்து, டேஷ்போர்டு கடகடத்து, பக்கக் கண்ணாடியில் பின்னால் வந்த ஒரே லாரி மூன்று லாரியாகத் தெரிந்தது. வேகம் 30-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் நின்றது. மெக்கானிக்குகள் வாப்ளிங் என்பார்களே, அதுதான், முழு உருவத்தில். புது ஸ்பிரிங் போட்ட அன்றைக்கே இப்படி என்றால் வேறு யாரைத் திட்டுவது?

இப்போது மூன்று நட்சத்திரம் தருகிறேன். குறைந்த இரண்டும் அந்த ஆட்டத்துக்காகக் குறைந்தவை இல்லை. அது வேறு கதை, அதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதே கிட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதியதில் பாதிப் பேர் "போட்டதும் ஸ்டீயரிங் ஆடுது, வாங்காதீங்க" என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

வண்டி சுசுகி சாமுராய், 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின். சில நாடுகளில் எஸ்ஜே413, சில இடங்களில் சியரா, நமக்குத் தெரிந்த ஜிப்சியும் இதே குடும்பம்தான். ஏணி மாதிரி ஒரு சேஸி, முன்னாலும் பின்னாலும் ஒற்றை உருப்படியான ஆக்ஸில், நாலு மூலையிலும் கமான் பட்டை (இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்), முன்னாலும் பின்னாலும் சக்தியைப் பிரித்து அனுப்ப, கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு ஸ்பேனர் செட்டும் முரட்டுப் பிடிவாதமும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முக்கால்வாசி வேலை பார்க்கலாம், இந்த வண்டியை வைத்திருப்பதற்கு எனக்கு அதுவே போதுமான காரணம். நிறைய மாற்றம் செய்த ஒரு சாமுராய் 2007-ல் சிலியில் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,600 மீட்டருக்கு மேல் ஏறியது. என்னுடையது என் கைக்கு வந்தபோது அதன் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

லிஃப்ட் எதற்கு என்றால், பழைய பட்டைகள் படுத்துவிட்டன. நேராகக்கூட இல்லை, பின்பக்கம் நடுவில் கீழே பார்க்க வேண்டிய வளைவு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் ஆக்ஸில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் "டம்" என்று இடிக்கும். எப்படியும் புதுப் பட்டை வாங்கியாக வேண்டும், அதையே இரண்டு அங்குலம் உயரமாக வாங்கிவிடலாமே என்று ஆசை.

பெட்டியில் வந்தவை: நாலு பட்டைக் கட்டு, நாலு ஷாக் அப்சார்பர், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் எட்டு யு போல்ட், அவற்றுக்கான நட்டு, பட்டை முனையில் போல்ட்டைச் சுற்றி உட்காரும் பாலியூரிதேன் புஷ் ஒரு பை நிறைய, சின்னப் பாக்கெட்டில் ஒரு தேக்கரண்டி அளவு கிரீஸ், அரைத் தாளில் படம். பட்டைக் கட்டுகள் நன்றாக இருந்தன. பட்டைகளின் ஓரத்தைச் செதுக்கி மழுக்கியிருந்தார்கள், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை சரியான விட்டத்தில் இருந்தது, நாலையும் தரையில் கவிழ்த்து வைத்து வளைவை அளந்தபோது ஜோடிக்கு ஜோடி மூன்று மில்லிமீட்டருக்குள்தான் வித்தியாசம். பெயின்ட் மட்டும் நகத்தால் கீறினாலே போனது. மாட்டுவதற்கு முன் நானே இன்னொரு கோட்டிங் அடித்தேன்.

பெட்டியில் வராதவை: பட்டைக் கண்ணுக்குள் போகும் போல்ட்டுகள், ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) போல்ட்டுகள், காஸ்டர் என்கிற முன்பக்கச் சாய்வைச் சரிசெய்யும் ஆப்பு, பிரேக் ஹோஸ். "பழையதையே உபயோகித்துக்கொள்ளலாம்" என்று அரைத் தாள் சொல்கிறது. முப்பது வருட வண்டியில் அந்தப் போல்ட்டைப் பழையபடி உபயோகிப்பதற்கு முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தோன்றவில்லை போல. ஒரு நட்சத்திரம் இங்கே போனது.

வேலையில் பெரிய பங்கு கழற்றுவதுதான். மாட்டுவது ஒரு நாள், கழற்ற எனக்கு நாலு நாள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் எல்லா போல்ட்டுக்கும் ஊடுருவும் எண்ணெய் அடித்துக்கொண்டு வந்தேன். கடையில் விற்கும் டப்பா தீர்ந்ததும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றினேன், நாட்டு வைத்தியம் மாதிரி இருந்தாலும் நன்றாகவே இறங்குகிறது. அது நின்றால் பிரிந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. நட்டுகள் எல்லாம் ஒருவழியாக வந்துவிட்டன. போல்ட்டுகள்தான் வரவில்லை.

காரணம் இதுதான். பழைய ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு இரும்புக் குழல் இருக்கும், போல்ட் அதற்குள் போகும். தண்ணீர் இறங்கி இறங்கி போல்ட்டும் குழலும் ஒரே இரும்பாகிவிட்டிருந்தன. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் போல்ட் சுற்றும், கூடவே குழலும் சுற்றும், ரப்பர் முறுக்கிக்கொண்டு கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். திறந்துவிட்டோம் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அந்த ரப்பரோடு மல்யுத்தம் பிடித்தேன். கடைசியில் பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கிற மூன்று மில்லி இடைவெளியில் ஹேக்ஸா பிளேடை மட்டும் கையில் துணி சுற்றிப் பிடித்து நுழைத்து, இரண்டு பக்கமும் அறுத்தேன். எட்டில் ஐந்து போல்ட்டுகளுக்கு இதே கதி. கிரைண்டர் வைத்திருப்பவர்கள் சிரிக்கலாம், என் வண்டியில் அந்த இடத்துக்கு மேலேயே பிரேக் பைப் போகிறது, அதனால் துணியவில்லை. ஆகவே இந்தக் கிட் வாங்குகிறவர்கள் கண் போல்ட்டுகளும் ஷேக்கிள் போல்ட்டுகளும் புதிதாகச் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், முடிந்தால் கிரீஸ் நிப்பிள் வைத்தது. நடுவில் வண்டி ஸ்டாண்டில் நிற்க, போல்ட்டுக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன்.

ஸ்டாண்ட் என்றதும் ஒன்று. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஸ்பிரிங் வேலையில் ஆக்ஸிலைத் தாங்க ஒரு ஜாக்கி, சேஸியைத் தாங்க இரண்டு ஸ்டாண்ட் என்று தனித்தனியாக வேண்டும். உயரமான பண்ணை ஜாக்கியில் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது அதிகமில்லை. சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையில் உள்ள துளையில் முழுதாக உட்கார வேண்டும், உட்காராமல் யு போல்ட்டை இறுக்கினால் ஆக்ஸில் கோணலாக நின்றுவிடும். யு போல்ட் நாலு முனையையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வர வேண்டும். யு போல்ட் இழுபட்டு நீண்டு வேலை செய்கிற பொருள், அதனால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது, இந்த விஷயத்தில் கிட்காரர்கள் புதிது கொடுத்திருப்பது நல்ல காரியம். கண் போல்ட்டுகளையும் ஷேக்கிளையும் வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்குங்கள். ரப்பர் புஷ் வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம், அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பாலி புஷ்ஷுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் உள்ளேயும் வெளியேயும் சிலிக்கான் கிரீஸ் தாராளமாக வேண்டும். பாக்கெட்டில் கொடுத்த ஒரு தேக்கரண்டி இரண்டு புஷ்ஷுக்கு வந்தது. மீதி பதினான்குக்கு நானே வாங்கினேன்.

அப்புறம் 100 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் திரும்ப இறுக்க வேண்டும். எனக்கு யு போல்ட் நட்டுகள் கால் சுற்று போயின. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலை செய்யாதீர்கள், செய்து முடித்ததும் அதைக் கீழ் அளவுக்குத் திருப்பி வையுங்கள், இறுக்கிய அளவிலேயே பெட்டிக்குள் வைத்தால் அதன் ஸ்பிரிங்கும் நம் பழைய பட்டை மாதிரி ஆகிவிடும்.

சரி, அந்த ஆட்டத்துக்கு வருவோம்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிட் விற்றவர்களுக்கு எழுதினேன். "ஸ்டீயரிங் டேம்பர் வாங்கிப் போடுங்கள், எங்களிடமே இருக்கிறது" என்று பதில். கேட்டதற்கு உடனே விற்பனை. டேம்பர் என்பது ஸ்டீயரிங் ஆட்டத்தை உறிஞ்சும் ஒரு சின்ன ஷாக், போட்டால் ஆட்டம் அடங்கும்தான், பல்வலிக்கு மாத்திரை போடுகிற மாதிரி. வாங்கவில்லை. மாறாக முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது, "டக் டக்" என்று. வீல் பேரிங் லூஸ் என்று நினைத்து, சக்கரம் மாட்டும் ஹப்பைக் கழற்றப் போனவனை மச்சான்தான் நிறுத்தினான்.

"இருங்க மாமா, நான் உள்ள ஏறி பிரேக்கை அமுத்துறேன், இப்ப ஆட்டுங்க."

ஆட்டினேன். அதே டக் டக்.

"அப்ப வீல் பேரிங் இல்ல. பிரேக் பிடிச்சா ஹப்பும் நக்கிளும் ஒண்ணாயிடும்ல? அதுக்கு உள்ள ஏதோ ஆடுது."

நக்கிள் என்பது ஹப்பைத் தாங்கிக்கொண்டு சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் இரும்பு உறை. அதற்கு உள்ளே இருப்பது கிங்பின். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கான அச்சு அதுதான், பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மொத்தம் நாலு சின்ன டேப்பர் பேரிங். நக்கிள் உறையின் மேல்மூடிக்கும் கீழ்மூடிக்கும் அடியில் தாள் மாதிரி மெல்லிய ஷிம்கள் இருக்கும், ஷிம்மை எடுக்க எடுக்க பேரிங் மீது அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் இருக்கிற வரைக்கும் நக்கிள் கொஞ்சம் கனமாகத் திரும்பும், சக்கரம் தானாக அலையாது. பேரிங் தேய்ந்து அழுத்தம் போய்விட்டால் நக்கிளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை, ஒரு சின்னக் குலுக்கல் போதும்.

இடது பக்கத்தைப் பிரித்தேன். சக்கரம், காலிப்பர், ஹப், டிஸ்க், ஸ்பிண்டில், ஆக்ஸில் ஷாஃப்ட், டை ராடு (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனை என்று வரிசையாக வெளியே வர வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் பட்டையில் கட்டுங்கள். டை ராடு முனையைப் பிடுங்க நட்டைத் தளர்த்திவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் கையின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு நல்ல அடி, விழுந்துவிடும். மரையின் மேல் அடித்தால் மரைதான் போகும். நக்கிளின் பின்பக்கம் இருக்கும் சீல் தட்டுகளைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கிரீஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கறுப்புக் கூழ். உள் ஆக்ஸில் சீல் போய், டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் கசிந்து கிரீஸைக் கரைத்துவிட்டிருந்தது. வெளியே நக்கிள் உருண்டை எப்போதும் ஈரமாக இருந்ததை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி என்றால் கொஞ்சம் கசியத்தானே செய்யும் என்று துடைத்துவிட்டுப் போனவனும் நான்தான்.

கீழ் பேரிங்கின் வெளிவளையத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. உருளைகள் நின்ற இடத்திலெல்லாம் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கோடுகள், நகத்தை வைத்து இழுத்தால் டிக் டிக் என்று மாட்டும். வீல் பேரிங் முழுச் சுற்று சுற்றும், அதனால் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயும். கிங்பின் பேரிங் அப்படி இல்லை, வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது, ஆகவே உருளைகள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்து அடி வாங்கி அங்கேயே குழி தோண்டிக்கொள்கின்றன. வளைவில் திரும்பும்போது குழியிலிருந்து வெளியே வந்து இறுக்கமாக இருக்கும், நேராக ஓடும்போது மட்டும் குழிக்குள் விழுந்து தளர்ந்துவிடும். ஷிம்மை எடுத்து இறுக்கினால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். நடுவில் சரியாகும், திருப்பும்போது முறுக்கிப் பிடிக்கும். வளையத்தோடு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நாலு பேரிங், இரண்டு பக்கத்துக்கும் நக்கிள் சீல் செட், உள் ஆக்ஸில் சீல் வாங்கினேன். புது வளையங்களை ஒரு இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கி சுலபமாக உட்காரும். அடித்து இறக்குவதற்குப் பழைய வளையத்தின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் அரைத்துவிட்டு அதையே மேலே வைத்து அடிக்கலாம், அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்ளாமல் திரும்ப எடுக்க வரும். நக்கிளுக்குள் இருக்கும் ஆக்ஸில் ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்குள் மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸை விரலால் அமுக்கி அமுக்கி நிரப்பினேன். கடைசியில் அழுத்தம் சரியா என்று பார்க்க, நக்கிளில் டை ராடு மாட்டும் துளையில் கொக்கி போட்டு ஸ்பிரிங் தராசால் இழுத்து எத்தனை கிலோவில் அசைய ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும், பின்பக்கச் சீலை மாட்டுவதற்கு முன்னால். ஸ்பிரிங் தராசு என்னிடம் இல்லை. பயணப் பெட்டி எடை பார்க்கும் கையடக்கத் தராசு இருந்தது. முதல் இழுப்பில் அரை கிலோகூட வரவில்லை, இரண்டு ஷிம் எடுத்தபின் ஒன்றரை கிலோ காட்டியது, மேனுவலில் போட்டிருந்த எல்லைக்குள். வலது பக்கம் ஒரே ஷிம்மில் சரியானது.

ஆட்டம் போயே போய்விட்டது. அதே பள்ளத்தில் அதே 65-ல் மூன்று முறை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன்.

அப்படியென்றால் கிட் போடுவதற்கு முன் ஏன் ஆடவில்லை? அங்கேதான் கிட்டுக்கும் ஒரு சின்னப் பங்கு. முன்பு படுத்துப்போன பட்டையும் செத்த ரப்பர் புஷ்ஷும் எல்லாக் குலுக்கலையும் விழுங்கிக்கொண்டிருந்தன. புதுப் பட்டையும் பாலி புஷ்ஷும் விறைப்பானவை, அடியை அப்படியே நக்கிளுக்குக் கடத்தின. கூடவே ஆக்ஸில் லேசாகச் சுழன்று காஸ்டர் கோணமும் குறைந்திருந்தது. காஸ்டர் என்பது சைக்கிள் ஃபோர்க் சாய்வு மாதிரி, அது இருந்தால்தான் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும். எனக்கு வாப்ளிங் போன பிறகும் வண்டி நேர்ச் சாலையில் இடமும் வலமும் மேய்ந்துகொண்டிருந்தது, இரண்டரை டிகிரி இரும்பு ஆப்பு வாங்கி முன் பட்டைக்கும் ஆக்ஸில் மேடைக்கும் நடுவே வைத்ததும் நின்றது. திசை மாற்றி வைத்தால் இன்னும் மோசமாகும், ஒரு முறை மாற்றி வைத்துப் பார்த்தவன் சொல்கிறேன். அலுமினிய ஆப்பு வாங்காதீர்கள், நசுங்கி உடையும். இதே லிஃப்டை நீள ஷேக்கிள் போட்டு முடிக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த வண்டியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது, அதை நீட்டினால் காஸ்டர் இன்னும் அதிகமாகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது நட்சத்திரம் ஷாக் அப்சார்பரில் போனது. எட்டாவது மாதம் பின் வலது ஷாக் தண்டில் எண்ணெய் வடிந்தது. பதினொன்றாவது மாதம் பின் இடது. வாரன்டி கேட்டால், கல் சாலையில் ஓட்டியதால் வாரன்டி இல்லை என்றார்கள். காட்டு வண்டிக்கான கிட்டைக் காட்டில் ஓட்டியதற்காக! கழற்றிய அந்தக் கிட் ஷாக்கைப் பிடித்து அமுக்கிப் பார்த்தேன், சைக்கிள் பம்ப் அதைவிடக் கனம். வேறு ஷாக் தனியாக வாங்கிப் போட்டபின் பட்டைகளின் உண்மையான குணம் தெரிந்தது, காலி வண்டியில் இருந்த குதிப்பு பாதியாகிவிட்டது. இந்தக் கம்பெனி பட்டையை மட்டும் தனியாக விற்றால் நாலு நட்சத்திரம் தருவேன்.

உயரம்? சக்கர நடுவிலிருந்து மட்கார்டு ஓரம் வரை அளந்து வைத்திருந்தேன். மாட்டிய அன்று முன்னால் 6 சென்டிமீட்டர் ஏறியிருந்தது, ஒரு மாதத்தில் 5-க்கு வந்து நின்றது, இப்போது நாலரை. இரண்டு அங்குலம் என்றால் 5.08 சென்டிமீட்டர், பரவாயில்லை.

உயரம் ஏறினால் கூடவே பார்க்க வேண்டியவையும் சில உண்டு. ஆக்ஸிலை முழுதாகக் கீழே தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்று பாருங்கள். எனக்கு விறைக்கவில்லை, இரண்டு விரல் தளர்வு இருந்தது. பின் ஆக்ஸிலிலிருந்து சேஸிக்குப் போகும் ஒரு கம்பி பிரேக் வால்வில் மாட்டியிருந்தால் அதையும் திருத்த வேண்டும், ஏனென்றால் உயர்ந்த வண்டியைப் பார்த்து அந்த வால்வு "வண்டி காலியாக இருக்கிறது" என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

இன்னொன்று, வண்டி கவிழ்வது. குறுகலான, குட்டையான வண்டி இது. 1988-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் சாமுராய் சுலபமாகக் கவிழும் என்று சொல்லி ஏற்கத்தக்கதல்ல என்று மதிப்பிட்டது, சுசுகி 1996-ல் வழக்குப் போட்டு 2004-ல் சமரசமாக முடிந்தது. யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் சண்டை போடுவார்கள். ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தியவன் என்ற முறையில் நான் அந்தச் சண்டையில் சேரவில்லை, வளைவில் மெதுவாகப் போகிறேன், கூரையில் கனம் ஏற்றுவதை நிறுத்திவிட்டேன்.

டயர் விஷயத்தில் ஆசை கண்ணை மறைத்தது. 205/70 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டேன். கணக்குப் பார்த்தால் விட்டம் 668 மில்லியிலிருந்து 733 மில்லிக்குப் போகிறது, கிட்டத்தட்ட பத்து சதவீதம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 66. ஓடோமீட்டர் 10,000 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 11,000 ஓடியிருக்கும், எண்ணெய் மாற்றும் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். எல்லா கியரும் பத்து சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி ஆகும், 1.3 லிட்டருக்கு ஐந்தாவது கியர் இறக்கத்தில் மட்டும் என்றாகிவிட்டது. மணலில் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி ஓட்டும்போது மட்டும் இந்தக் குறையெல்லாம் மறந்துபோகிறது. அடுத்த முறை நடுவில் ஒரு அளவு பார்ப்பேன்.

அடியில் படுத்திருந்த நாட்களில் கிட்டோடு சம்பந்தமில்லாத இரண்டு சில்லறை வேலைகளும் செய்தேன், உண்மையைச் சொன்னால் லிஃப்டைவிட அவைதான் தினமும் உபயோகமாக இருக்கின்றன. ஒன்று, டிஃபரன்ஷியல் மூச்சுக்குழாயை நீட்டியது. ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், மூச்சுத் துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். என் பின் ஆக்ஸில் எண்ணெய் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெளுத்து வந்தது அதனால்தான். இரண்டு மீட்டர் எரிபொருள் ஹோஸ், இரண்டு கிளாம்ப், நுனியில் ஒரு சின்ன ஃபில்டர், பானெட்டுக்குள் உயரமாகக் கட்டிவிட்டேன். அரை மணி நேர வேலை.

இன்னொன்று ஹெட்லைட் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். பழைய வயரிங்கில் விளக்குக்கான மின்சாரம் முழுக்க டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை போய்த் திரும்பி வருகிறது. பேட்டரியில் 13.6 வோல்ட் இருக்கும்போது எச்4 பல்பின் காலில் 11.8தான் இருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போகும், ஆகவே மங்கலுக்குக் காரணம் பல்பு இல்லை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து நேர் வயர், இரண்டு ரிலே, பழைய ஸ்விட்ச் இப்போது ரிலேயை மட்டும் தூண்டுகிறது. பம்பரில் மாட்டியிருந்த எல்இடி பாரைக் கழற்றிவிட்டேன், எதிரில் வருகிறவர்கள் என்னைத் திட்டுவதும் குறைந்தது.

இரண்டு வருடக் கணக்கு இதுதான்: பட்டைகள் உடையவில்லை, விரியவில்லை, ஓரத் துரு லேசாக. பாலி புஷ் தேயவில்லை, ஆனால் மழைக்காலம் முடிந்ததும் கீச்சிடும். உள் ஆக்ஸில் சீல் இன்னும் கசியவில்லை, நக்கிள் உருண்டை காய்ந்து பளபளவென்று இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் கிட் ஆர்டர் செய்வதற்கு முன் முன்பக்கத்தைத் தூக்கி, பிரேக்கை ஒருவரை அமுக்கச் சொல்லி, சக்கரத்தை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் பேரிங்கையும் சேர்த்து ஆர்டர் போடுங்கள். ஷாக் இல்லாமல் தருவார்களா என்று கேளுங்கள், எனக்கு மாட்டோம் என்றார்கள், உங்களுக்கு எப்படியோ.

வலது பின் ஷேக்கிள் மட்டும் நான் என்ன செய்தாலும் கத்துகிறது. நிப்பிள் வைத்த போல்ட் வந்துவிட்டது, மழை விட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.